வார்டில் நோயாளிகள் தூங்குவதே இல்லை. நாம்தான் காரணமா?

இரவுவிளக்கு | திங்கள், காலை 9.10

நைட் டூட்டி முடிந்து இப்போதுதான் அறைக்கு வந்தேன். படுக்கும் முன் இதைக் கேட்டுவிட வேண்டும்.

அரசு மருத்துவமனையில், ஆண்கள் பொது மருத்துவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். நாலு வருடம் ஆகிறது. பதினாறாம் கட்டிலில் 71 வயதுத் தாத்தா ஒருவர். இதயம் பலவீனமாகி, இரண்டு காலும் வீங்கி, மூச்சு வாங்க வாங்க வந்தவர். இன்றோடு ஆறு நாள். வீக்கம் நன்றாக வடிந்துவிட்டது, ஆக்சிஜன் எடுத்தாயிற்று, ஊசி நின்று மாத்திரைக்கு மாறியாயிற்று. ஆனால் ராத்திரி மாத்திரை கொடுக்கப் போனால் என் கையைப் பிடித்துக்கொள்கிறார். "தூங்குறதுக்கு ஒரு மாத்திரை குடு தாயி, வந்ததுலேருந்து கண்ணே மூடல." பகலில் ரவுண்ட்ஸ் நடக்கும்போது உட்கார்ந்தபடியே தலை தொங்கி விழுகிறது. டூட்டி டாக்டரும் "அல்பிரஸோலம் ஒண்ணு போடலாமா சிஸ்டர்?" என்று கேட்டார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு ராத்திரி பொறுங்கள் சார் என்றேன். அன்றைக்கு முழுக்க, அவர் எப்போது விழித்தார், எதனால் விழித்தார் என்று ஒரு தாளில் குறித்தேன். அது இதுதான்:

10.20 – பிபி பார்த்தேன்.
11.05 – பக்கத்துக் கட்டிலுக்குப் புது அட்மிஷன். எல்லா டியூப் லைட்டும் போட்டோம்.
11.40 – சிறுநீர்.
12.30 – சிறுநீர்.
1.15 – எதிர்க்கட்டிலில் மருந்து ஏற்றும் பம்ப் அலாரம்.
2.10 – சிறுநீர்.
3.30 – ஸ்டீல் பெட்பேன் தரையில் விழுந்தது.
4.45 – டெம்பரேச்சர், பிபி.
5.10 – லேபுக்கு ரத்தம் எடுத்தார்கள்.
5.30 – வார்டு பெருக்க வந்தார்கள்.

கணக்குப் பார்த்தால் அந்த ராத்திரியில் அவருக்குக் கிடைத்த நீளமான இடைவெளி 80 நிமிடம். தூக்கத்தின் ஒரு சுற்று சுமார் 90 நிமிடம் என்று முதல் வருடத்திலேயே படித்தோம். ஒரு சுற்றுகூட முழுசாக முடியவில்லை. இவருக்கு மாத்திரை போட்டால் அந்தப் பத்து தடவையும் மயக்கத்தோடு எழுவார், அவ்வளவுதான். கட்டிலிலிருந்து இறங்கும்போது விழுந்தால் யார் பொறுப்பு?

நீங்கள் எல்லாம் உங்கள் வார்டில் என்ன செய்கிறீர்கள்?

பழைய_இன்சார்ஜ் | திங்கள், காலை 10.02

தாளில் எழுதி வைத்தாயே, அதற்கே உன்னைப் பாராட்ட வேண்டும் பாப்பா. நான் 34 வருடம் வார்டில் இருந்து ஓய்வு பெற்றவள். ஒன்று கேட்கிறேன். மூன்று தடவை சிறுநீர் என்று எழுதியிருக்கிறாய். லாசிக்ஸ், அதான் உடம்பு நீரைச் சிறுநீராக இறக்குகிற மாத்திரை, எத்தனை மணிக்குப் போகிறது?

இரவுவிளக்கு | திங்கள், காலை 10.06

காலை 8, ராத்திரி 8. சீட்டில் "இரண்டு வேளை" என்றுதான் இருக்கிறது மேடம். ஐயோ, இப்போதுதான் புரிகிறது.

பழைய_இன்சார்ஜ் | திங்கள், காலை 10.31

அதேதான். வாய்வழி கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி ஆறு மணி நேரம் வரை இழுக்கும் மருந்து அது. 8 மணிக்குக் கொடுத்தால் இரண்டு மணி வரை மனுஷன் எழுந்துகொண்டேதான் இருப்பார். உன் தாளைப் பார், அவர் கடைசியாகப் போனது 2.10. அச்சடித்த மாதிரி பொருந்துகிறது. இரண்டாவது வேளையை மதியம் 2 மணிக்கு வைக்கலாமா என்று டாக்டரிடம் கேள். நீயாக மாற்றாதே. கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், ஏனென்றால் "இரண்டு வேளை" என்று எழுதியவருக்கு இந்த நேரம்தான் வேண்டும் என்று எந்தப் பிடிவாதமும் இருக்காது. காலை 8, ராத்திரி 8 என்பது நம் மருந்து டிராலியின் வசதி.

ஸ்டீராய்டும் அப்படித்தான். ராத்திரி விழுங்கினால் விடிய விடிய முழித்திருப்பார்கள். ஒரே வேளை மருந்தென்றால் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. யாராவது தூக்கம் வரவில்லை என்றால் தூக்க மாத்திரை பற்றி யோசிக்கும் முன் மருந்துச் சீட்டை மேலிருந்து கீழே ஒரு தடவை படி. பாதிப் பேருடைய பதில் அங்கேயே இருக்கும்.

இன்னொன்று. காலில் சேர்ந்த நீர், படுத்ததும் மேலே ஏறி ராத்திரி சிறுநீராக வரும். மதியம் ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல் தூக்கி வைக்கச் சொல். அதுவும் கொஞ்சம் உதவும்.

மகள்_மதுரை | திங்கள், மதியம் 1.15

நான் நர்ஸ் இல்லை. நோயாளியின் மகள். எழுதலாமா என்று தெரியவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

போன வருடம் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் நடந்தது. 78 வயது. இரண்டாம் நாள் சாயங்காலத்திலிருந்து அம்மா வேறு ஆளாகிவிட்டார். என்னை யார் என்று கேட்டார். "மாடு அவுந்துருச்சு, புடிச்சுக் கட்டு" என்று கத்தினார். எங்கள் வீட்டில் மாடு இருந்தது நாற்பது வருடத்துக்கு முன்னால். ராத்திரி முழுக்கக் கத்தல், பகல் முழுக்கத் தூக்கம். ஊசி போட்டார்கள். மறுநாள் இன்னும் மோசம். கையைக் கட்டிலோடு கட்டினார்கள். அந்த ராத்திரியை நான் மறக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் நைட்டுக்கு ஒரு சிஸ்டர் வந்தார். வந்தவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி, "அம்மா வீட்ல கண்ணாடி போடுவாங்களா? காது நல்லா கேக்குமா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆபரேஷனுக்கு முன் கழற்றச் சொன்னார்களே, அந்தக் கண்ணாடியும் காது மெஷினும் மஞ்சள் பையில், லாக்கரில், மூன்று நாளாக அப்படியே கிடந்தன. அவர் மெஷினை மாட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "இது ஆஸ்பத்திரிம்மா, இடுப்புல ஆபரேஷன் முடிஞ்சுது, மக பக்கத்துலதான் இருக்கு" என்று நிதானமாகச் சொன்னார். வலி மருந்து நேரத்துக்குப் போயிருக்கிறதா என்று சீட்டைப் பார்த்தார். கட்டு அவிழ்த்தார். காலையில் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லி, பகலில் தூங்கவிடாமல் பேசிக்கொண்டே இருங்கள் என்றார். இரண்டு நாளில் அம்மா அம்மாவாகத் திரும்பி வந்தார்.

அந்த சிஸ்டர் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். இதைப் படிக்கிற யாராவது அவராக இருந்தால் நன்றி.

ஐசியூ_செவிலி | திங்கள், மாலை 4.40

மகள்_மதுரை அக்கா, நீங்கள் எழுதியதை எங்கள் யூனிட் குழுவில் பகிரப் போகிறேன். அம்மாவுக்கு வந்தது டெலிரியம், அதாவது உடம்பு முடியாதபோது திடீரென்று வரும் மனக்குழப்பம். வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு அடிக்கடி வருவது. தூக்கம் கெட்டால் டெலிரியம் வரும், டெலிரியம் வந்தால் தூக்கம் இன்னும் கெடும். அந்த நேரத்தில் டையசெபம் மாதிரி தூக்க மருந்து போட்டால் பல பேருக்குக் குழப்பம் கூடத்தான் செய்யும். மது நிறுத்தியதால் வரும் குழப்பம் மட்டும் தனிக்கதை, அதற்கு அந்த வகை மருந்துதான் வேண்டும்.

எங்கள் ஐசியூவில் ராத்திரி 11 முதல் 4 வரை, நிலை சீராக இருக்கிறவர்களுக்கு, ஒரே தடவைதான் போவது என்று வைத்திருக்கிறோம். போகும்போது பிபி, சர்க்கரை, பக்கம் திருப்பிப் படுக்க வைப்பது, டயப்பர், மருந்து எல்லாவற்றையும் சேர்த்து முடித்துவிட்டு வருவோம். முன்பு இதையே நாலு தடவை போய் நாலு தடவை எழுப்பிக்கொண்டிருந்தோம். பிபிக்கு மருந்து ஓடுகிறவர், புதிதாக வந்தவர், இவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களை விடாமல் பார்த்தே ஆக வேண்டும்.

சத்தம் பற்றி. நோயாளி படுத்திருக்கும் அறையில் இரவில் சராசரி 30 டெசிபல், திடீர்ச் சத்தம் 40 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் சொன்னது. நம் ஊர்ச் சட்டப்படி மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், இரவில் 40 டெசிபல். இது கட்டடத்துக்கு வெளியே. உள்ளே நாம் சாதாரணமாகப் பேசினாலே 60ஐத் தொடும். நர்சிங் ஸ்டேஷனில் நாம் சிரித்துப் பேசும் பேச்சுதான் பக்கத்துக் கட்டில்காரருக்கு இடி.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் எழுதிய செவிலியம் பற்றிய குறிப்புகளில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. முதல் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டால் அந்த நோயாளிக்கு அன்றைக்குத் தூக்கம் போனது போனதுதான் என்கிறார். மின்விசிறியும் மானிட்டரும் இல்லாத காலத்தில் எழுதியது. இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

கொல்லிமலைக்காரன் | திங்கள், இரவு 8.05

நானும் ஸ்டாஃப் நர்ஸ்தான், ஆண் செவிலியர். சொல்வதெல்லாம் சரி, ஆனால் ஒன்றைப் பேசாமல் போக முடியாது. எங்கள் வார்டில் நாற்பது கட்டில், தரையில் பத்து பேர், ராத்திரிக்கு இரண்டு பேர். ஐசியூவில் செய்வதை இங்கே செய்ய முடியாது. 4.45க்கு டெம்பரேச்சர் தொடங்கினால்தான் ஏழரைக்குள் ஐம்பது பேரும் முடிவார்கள். 5 மணிக்கு ரத்தம் போனால்தான் 9 மணி ரவுண்ட்ஸுக்கு ரிப்போர்ட் வரும். ரிப்போர்ட் இல்லையென்றால் திட்டு யாருக்கு விழும்? நமக்கு. "செவிலியர் எழுப்புகிறார்" என்று மட்டும் எழுதினால் பழி முழுக்க நம் தலையில் விழுகிறது. ஆள் போடாதவர்களும் ரவுண்ட்ஸ் நேரம் வைத்தவர்களும் இதில் இருக்கிறார்கள்.

இரவுவிளக்கு | திங்கள், இரவு 8.30

அண்ணா, முழுக்க ஒப்புக்கொள்கிறேன். பழி போட எழுதவில்லை. என் தாளில் உள்ள பத்தில் எத்தனை நம் கையில் இருக்கின்றன என்று பார்த்தேன். 5.10 ரத்தம் நம் கையில் இல்லை. புது அட்மிஷன் நம் கையில் இல்லை, ஆனால் வார்டின் எல்லா லைட்டையும் போட்டது நாம்தான், அந்தப் பக்கத்து லைட் மட்டும் போதும். பெட்பேனை ஸ்டூல் விளிம்பில் வைத்தது நாம். லாசிக்ஸ் நேரம் கேட்டால் மாறும். ஆள் கூடாமலேயே நாலைந்து குறையும் போலத்தான் தெரிகிறது.

கொல்லிமலைக்காரன் | திங்கள், இரவு 8.52

சரி, அப்படிச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். நானும் ஒன்று சேர்க்கிறேன், ஆண்கள் வார்டில் இருக்கிற எல்லோருக்கும் இது முக்கியம்.

தூக்கம் வரவில்லை என்று ஒருவர் சொன்னால் கையை நீட்டச் சொல்லிப் பாருங்கள். விரல் நடுங்குகிறதா, வேர்த்திருக்கிறதா, நாடி வேகமாக இருக்கிறதா? தினமும் குடிக்கிறவர் அட்மிஷனான அன்றே குடி நின்றுவிடும். கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் நடுக்கமும் தூக்கமின்மையும் தொடங்கும். 2 முதல் 4 நாளுக்குள் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று போனால் உயிருக்கே ஆபத்து. எங்களிடம் ஒருவர் காய்ச்சல் என்று வந்தார். மனைவி பக்கத்தில் இருந்ததால் குடிப்பதில்லை என்று சொல்லிவிட்டார். இரண்டாம் ராத்திரி "தூக்கமே இல்ல சார்" என்றார். நான் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் ஃபிட்ஸ் வந்தது. பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மனைவியை டீ வாங்க அனுப்பிவிட்டுத்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறேன்.

மருந்துக்கடை | செவ்வாய், காலை 7.20

பார்மசிஸ்ட். கடைக்கு வந்து "நல்லாத் தூங்குற மாதிரி ஏதாவது குடுங்க" என்று கேட்பவர்கள் வாரத்துக்குப் பத்து பேராவது இருப்பார்கள். அல்பிரஸோலம், டையசெபம், சோல்பிடெம் எல்லாம் எச்1 அட்டவணை. மருத்துவர் சீட்டு வேண்டும், தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும், 2014 மார்ச்சிலிருந்து அப்படித்தான். கிடைக்கவில்லை என்றதும் அடுத்து அவர்கள் கேட்பது ஏவில். அலர்ஜி மாத்திரை, தூக்கம் வரும் என்று ஊருக்கே தெரியும். வயதான ஆண்களுக்கு அதனால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், வாய் வறளும், மூளை குழம்பும். டிஸ்சார்ஜ் பண்ணும்போது சிஸ்டர்கள் இதை ஒரு வரி சொன்னால் எங்களுக்குப் பெரிய உதவி.

பக்கத்து அறைக்குக் கேட்கிற அளவு குறட்டை, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறது, பகலில் பஸ்ஸில் உட்கார்ந்தால் தூக்கம், கூடவே பிபி என்று சொன்னால் எந்தத் தூக்க மாத்திரையும் வேண்டாம், முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். அது தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோயாக இருக்கலாம். மாத்திரை போட்டால் அடைப்பு இன்னும் கூடும்.

வீட்டுவைத்தியம் | செவ்வாய், காலை 9.45

எங்கள் பாட்டி வெதுவெதுப்பான பாலில் ஜாதிக்காய் உரசிக் கொடுப்பார். எந்த மாத்திரையும் தேவைப்படாது.

பழைய_இன்சார்ஜ் | செவ்வாய், காலை 10.20

பால் நல்லதுதான், படுக்கும் முன் சூடாக ஏதாவது குடிப்பதே மனசை அடக்கும். ஆனால் பதினாறாம் கட்டில் தாத்தாவுக்கு நாளுக்கு ஒன்றரை லிட்டர்தான் குடிக்கலாம் என்று அளவு போட்டிருந்தால் அந்த ஒரு டம்ளரையும் கணக்கில் எழுத வேண்டும். ஜாதிக்காய் ஒரு உரசல் என்றால் சரி. கூடுதலாகப் போனால் நெஞ்சு படபடப்பு, குமட்டல், குழப்பம் வரும். தூக்கம் வரவில்லை என்று பாதிக் காயை அரைத்துப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் காலத்தில் ராத்திரி எட்டரைக்கு ஒரு சுற்று வருவோம். முகம் துடைக்கத் துணி, ஒன்றுக்குப் போக யூரின் கேன், வலி மாத்திரை. வலி வந்த பிறகு கொடுப்பதைவிட விளக்கணைக்கும் முன்பே கொடுத்துவிட்டால் பாதி ராத்திரி மிச்சம். அப்புறம் பெட்ஷீட்டை உதறி இழுத்துக் கட்டுவோம், ரொட்டித் தூளும் மடிப்பும் முதுகில் குத்தக் குத்த யாரால் தூங்க முடியும்? கடைசியாக முதுகில் பவுடர் போட்டு மூன்று நிமிடம் தேய்த்துவிடுவோம். அந்த மூன்று நிமிடத்தில்தான் அவர்கள் வாயைத் திறப்பார்கள். "நாளைக்கு ஆபரேஷன்ல செத்துட்டா பொண்ணு கல்யாணம் என்ன ஆகும் சிஸ்டர்" என்று ஒருவர் கேட்டார். அவருக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் அது. டாக்டரை வரவழைத்துப் பேச வைத்தேன், தூங்கினார்.

வகுப்பறை | செவ்வாய், மதியம் 3.00

நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். அமெரிக்கச் செவிலியர் வர்ஜீனியா ஹெண்டர்சன் சொன்ன, நோயாளியின் 14 அடிப்படைத் தேவைகளில் ஐந்தாவது தூக்கமும் ஓய்வும். மாணவிகள் பரீட்சையில் அழகாக எழுதுகிறார்கள். வார்டுக்குப் போனதும், தூங்குகிறவரைத் தட்டி எழுப்பி "நல்லாத் தூங்கினீங்களா?" என்று கேட்கிறார்கள்.

நான் பேச நினைப்பது டிஸ்சார்ஜ் அன்று நாம் சொல்லிக்கொடுப்பது பற்றி. "ஒரே நேரத்துக்குப் படுங்க, போன் பாக்காதீங்க, டீ காபி குறைங்க, அமைதியான இருட்டறையில் தூங்குங்க" என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கிறோம். ஒற்றை அறை வீட்டில் ஆறு பேர் படுக்கிறார்கள். டிவி அந்த அறையில்தான் இருக்கிறது. அந்த மனிதர் அமைதியான இருட்டறைக்கு எங்கே போவார்? தலையாட்டிவிட்டுப் போவார்.

அதனால் நான் மாணவிகளிடம் முதலில் கேட்கச் சொல்கிறேன். "நேத்து வீட்ல இருந்திருந்தா சாயங்காலத்துலேருந்து என்னென்ன பண்ணியிருப்பீங்க, சொல்லுங்க?" ஒரு சர்க்கரை நோயாளி அம்மா சொன்னது நினைவிருக்கிறது. பூ கட்டுகிறவர். ஆறு மணிக்கு ஒரு டீ, எட்டு மணிக்கு ஒரு டீ, பத்து மணி வரை பூ கட்டல், அதிகாலை மூன்றுக்கு மார்க்கெட். மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை தூக்கம். "ராத்திரி படுத்தா பன்னெண்டு வரைக்கும் புரண்டுக்கிட்டே இருக்கேன்" என்றார். மூன்று மணிக்கு எழாதீர்கள் என்று அவரிடம் சொல்ல முடியுமா, அது பிழைப்பு. காபி, டீயில் உள்ள கஃபீன் பாதி குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்று விளக்கி, எட்டு மணி டீயை விடச் சொன்னோம். மதியத் தூக்கத்தை அவரிடமிருந்து பிடுங்கவில்லை, ஏனென்றால் பெரியவர்களுக்கு நாளுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும், அவருக்கு ராத்திரி அது கிடைக்காது. ஐந்து வரை போவதை மூன்றரைக்குள் முடிக்கச் சொன்னோம். இரண்டே விஷயம். பிறகு, "இப்ப உங்க மகளுக்கு இதை எப்படிச் சொல்வீங்க, சொல்லுங்க பாக்கலாம்" என்றோம். அவர் வாயால் திரும்பச் சொன்னால்தான் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம்.

இரவுவிளக்குக்கு ஒன்று. இதய நோயாளிக்குத் தூக்கம் பற்றிச் சொல்லும்போது ஆபத்து அறிகுறியையும் சேர்த்துச் சொல். படுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தால், ஒரு தலையணை போய் மூன்று வேண்டியிருந்தால், மூன்று நாளில் எடை 2 கிலோவுக்கு மேல் ஏறினால், அது சாதாரணத் தூக்கமின்மை இல்லை. உடனே வர வேண்டும். உன் தாத்தாவிடமும் அது இல்லை என்று உறுதிசெய்துகொண்டாயா?

இரவுவிளக்கு | செவ்வாய், மதியம் 3.25

பார்த்தேன் மேடம். ஒரு தலையணையில் படுக்கிறார், மூச்சு முட்டவில்லை. நெஞ்சும் டாக்டர் கேட்டுவிட்டார், நீர் இல்லை.

மகள்_மதுரை | செவ்வாய், இரவு 9.10

கூட இருக்கிறவர்களையும் கொஞ்சம் நினையுங்கள் சிஸ்டர். எட்டு ராத்திரி கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தேன், டிராலி வரும்போதெல்லாம் காலை இழுத்துக்கொண்டு. டிஸ்சார்ஜ் அன்று மருந்தெல்லாம் விளக்கினார்கள். ஒரு வார்த்தை மண்டையில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து சீட்டை வைத்துக்கொண்டு அழுதேன்.

வகுப்பறை | செவ்வாய், இரவு 9.40

நீங்கள் சொன்ன பிறகுதான் இது உறைக்கிறது அம்மா. கடைசி நாள் காலையில் மொத்தமாகச் சொல்வதை விட்டு, மூன்று நாள் முன்பிருந்தே தினம் ஒன்றாகச் சொல்ல வேண்டும். கேட்கிறவர் முதல்நாள் தூங்கினாரா என்றும் கேட்க வேண்டும். அடுத்த வாரம் வகுப்பில் இதைச் சேர்க்கிறேன்.

இரவுவிளக்கு | சனி, காலை 9.30

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று ஓடி வந்தேன்.

செவ்வாய் ரவுண்ட்ஸில் இன்சார்ஜ் சிஸ்டர் மூலமாகவே டாக்டரிடம் தாளைக் காட்டினோம். இரண்டு நிமிடம் பார்த்தார். லாசிக்ஸ் காலை 8, மதியம் 2 என்று மாற்றி எழுதினார். தூக்க மாத்திரை எழுதவில்லை. ராத்திரி பத்தரை பிபியை ஒன்பது மணிக்கே, மாத்திரையோடு சேர்த்து முடித்தேன். அதிகாலை பிபி வரிசையில் தாத்தாவைக் கடைசியாக வைத்தேன். டிராலி சக்கரத்துக்கு வார்டு அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த தேங்காய் எண்ணெய் விட்டோம், சத்தம் நின்றுவிட்டது. பெட்பேன்கள் இப்போது கட்டிலுக்கு அடியில், தரையில்.

புதன் ராத்திரி 11 மணிக்குக் கண்ணை மூடினார். ஒரே ஒரு தடவை, 3.50க்கு, சிறுநீருக்கு எழுந்தார். அவ்வளவு நேரம் அவர் மூச்சு விடுவதையே அடிக்கடி போய்ப் பார்த்தேன், பயமாக இருந்தது. குறட்டைகூட இல்லை. வியாழன் காலை முகம் கழுவிவிட்டு அவரே ஸ்டேஷனுக்கு நடந்து வந்து, "இன்னிக்கு இட்லி ருசியா இருந்துச்சு தாயி" என்றார்.

நேற்று டிஸ்சார்ஜ். அவர் மனைவியை வியாழன் ராத்திரி எட்டு மணிக்கே வராந்தா கோடியில், சத்தமில்லாத இடத்தில் படுக்க வைத்திருந்தேன். நேற்று அந்தப் பாட்டியே எனக்குத் திரும்பச் சொன்னார்: "ரெண்டாவது நீர் மாத்திர மதியச் சோறு தின்னதும், ராத்திரி இல்ல. தலவாணி கூடக் கேட்டா ஆஸ்பத்திரிக்கு. தினம் காலைல வெறும் வயித்துல ரேஷன் கடை தராசுல எட." வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இல்லை, ரேஷன் கடை இரண்டு வீடு தள்ளி இருக்கிறதாம். கடை காலை ஒன்பதுக்குத்தான் திறக்கும், ஞாயிறு இருக்காது என்றேன். பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, அங்கே வாரத்துக்கு மூன்று நாள் என்று பேசி முடித்தோம்.

5 மணி ரத்தம் மட்டும் இன்னும் அப்படியேதான். திங்கள்கிழமை லேப் டெக்னீஷியனிடம் பேசிப் பார்க்கலாம் என்று இன்சார்ஜ் சொல்லியிருக்கிறார். அவசரமில்லாத டெஸ்டுகளை ஆறரைக்குத் தள்ள முடியுமா என்று கேட்கப் போகிறோம். கொல்லிமலைக்காரன் அண்ணா, உங்கள் வார்டில் எத்தனை மணிக்கு எடுத்தால் எத்தனை மணிக்கு ரிப்போர்ட் வருகிறது என்று ஒரு வாரம் குறித்துத் தர முடியுமா? கையில் இரண்டு வார்டின் கணக்கு இருந்தால் பேசுவது எளிது.

கொல்லிமலைக்காரன் | சனி, காலை 10.15

தருகிறேன். இன்று எனக்கு நைட்தான். தாள் எடுத்து வைத்துவிட்டேன்.